நீர்வழி காப்போர்

வானினின்று பொழியும் மழைக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்னும் வேற்றுமை இல்லை. மாடத்தின்மீதும் குடிசையின்மீதும் அது ஒருபடித்தாகவே பெய்கின்றது. ஆயினும், பெய்த நீர் எங்குத் தங்கும், எவ்வழிச் செல்லும், யாரை வாழ்விக்கும், யாரை வருத்தும் என்பன பெரும்பாலும் மக்கள் செயலைப் பொறுத்தவை. அந்நீரின் வழியை முன்னரே ஆராய்ந்து வகுத்துக் காப்பது உள்ளாட்சியின் தலையாய கடமைகளுள் ஒன்றாகும்.

இக்கடமை தமிழகத்திற்குப் புதியதன்று. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஊரை 30 குடும்புகளாகப் பகுத்து, குடவோலை முறையால் வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுத்த செய்தியை அவை விரித்துரைக்கின்றன. அவ்வாரியங்களுள் ஒன்று, அறுவரைக் கொண்ட ஏரி வாரியம். முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்தில் இடம்பெறுதல் கூடாது என்பது அங்கு விதி. நீரைக் காப்பவர்க்கு அறிவோடு நேர்மையும் வேண்டும் என்று அவ்வூரார் கருதினர் போலும்.

ஏரி என்பது வெறும் பள்ளமன்று. வரத்துக்கால் மழைநீரைக் கொணரும். கரை அதனைத் தேக்கும். மதகு அதனை வயலுக்கு விடும். கலிங்கு மிகையான நீரைக் கழிக்கும். ஓர் ஏரியின் கலிங்கில் வழிந்த நீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகும். ஒன்றோடொன்று தொடுத்த இவ்வேரிகள் வெள்ளத்தின் விரைவைத் தணித்தன. கோடைக்கு நீர் சேர்த்தன. இத்தொடரில் ஓர் ஏரியைத் தூர்த்தால், அதன்கீழ் உள்ள ஊர்கள் அனைத்தும் அதன் பயனை இழக்கும்.

சென்னை மாநகரின் வரலாறு இவ்வுண்மைக்குச் சான்றாகும். கொசத்தலையாறு, கூவம், அடையாறு ஆகிய மூன்றும் பாயும் கடலோரச் சமநிலம் அது. நகரம் வளர வளர ஏரிகள் மனையிடங்களாயின. மாம்பலத்து ஏரி இருந்த நிலத்தில் 1920களில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த நிலத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. இடத்தின் பெயர் மாறலாம். நிலத்தின் தாழ்வு மாறுவதில்லை. மழைநீர் தன் பழைய இருப்பிடத்தை நாடியே வரும்.

2015ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் தொடக்கத்தில், ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியினின்று நொடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரைபுரண்டது. வீடுகள் மூழ்கின, உயிர்கள் பல மாண்டன. நான்கு ஆண்டுகள் நிறைவதற்குள்ளாகவே, 2019ஆம் ஆண்டுக் கோடையில், அதே நகரின் குடிநீர் ஏரிகள் வறண்டன. சோலையார்பேட்டையினின்று புகைவண்டியில் நீர் கொணர வேண்டியதாயிற்று. பெய்யும்போது நீரைத் தாங்க இயலாத நகரம், பெய்யாதபோது நீரின்றி வாடிற்று. இவ்விரு துன்பங்களுக்கும் வேர் ஒன்றே.

இத்துன்பங்களைத் தவிர்க்கத் திட்டமிடுவது மழைநீர் வடிகால் அலுவலரின் பணி. அவர் முதலில் நிலத்தின் ஏற்றத்தாழ்வுகளை அளந்தறிவார், பழைய வருவாய்த்துறைப் படங்களைப் பார்த்து, மறைந்த கால்வாய்களின் தடம் காண்பார், அதன்பின் கணக்கிடுவார். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால், அந்நீரின் அளவு ஒரு லட்சம் லிட்டர் ஆகும். மண் தரை அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். சிமெண்டுத் தளமோ ஏறத்தாழ முழுவதையும் தெருவிற்கே தள்ளிவிடும். ஆகவே, புதிதாய் எழும் ஒவ்வொரு தளத்திற்கும் ஏற்ப வடிகாலின் சுமை பெருகும்.

வடிகாலை அகலமாக்கி நீரை விரைந்து கடலுக்கு அனுப்பினால் போதாதோ எனச் சிலர் வினவக்கூடும். அது போதாது. கடல் பொங்கும் வேளையில் ஆற்றுநீரை அது எளிதில் ஏற்பதில்லை. முகத்துவாரத்தில் மணல்மேடு அடைத்துக்கொள்வதும் உண்டு. மேலும், ஓடிய நீர் கோடைக்கு உதவாது. எனவே, இயன்ற இடங்களில் எல்லாம் நீரை நிறுத்தி நிலத்துள் இறக்குதலும், எஞ்சியதை முறையாக வெளியேற்றுதலும் ஒருங்கே வேண்டும். குளங்களைத் தூர்வாருதலும், பூங்காக்களில் நீர்தேங்கும் குட்டைகள் அமைத்தலும் இதற்காகவே. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் மிகைநீரை ஏற்று நிற்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இயற்கை வகுத்த பெருந்தொட்டியாகும். அது 2022இல் ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்டது.

கணக்கைவிடக் கடினமானது மக்களைப் பற்றிய முடிவு. ஆற்றங்கரையில் குடிசையிட்டு வாழ்வோர் வேறிடமின்றி அங்கு வந்தவர். அவர்களை அகற்றாவிடின் வெள்ளம் அவர்களையே முதலில் கொள்ளும். அகற்றினாலோ தொழிலும் பள்ளியும் தொலைவாகும். கரையோரத்திலிருந்து பெரும்பாக்கம், செம்மஞ்சேரி முதலிய இடங்களுக்குப் பல குடும்பங்கள் பெயர்க்கப்பட்டன. அவ்விடங்களும் தாழ்ந்த நிலமாதலின், அங்கும் மழைநீர் சூழ்ந்தது. ஏழையின் குடிசையை அகற்றும் கை, நீர்வழியை அடைத்த செல்வரின் மதிலையும் அகற்றுதல் வேண்டும். பெயர்த்தவரை மேட்டு நிலத்தில் குடியமர்த்துதலும் வேண்டும். அதுவே நடுவுநிலைமை.

அலுவலர் மட்டும் முயன்றால் இப்பணி முற்றுப்பெறாது. ஒருவர் எறியும் நெகிழிப்பை வடிகாலின் வாயை அடைக்கும். ஒரு வீட்டார் திருட்டுத்தனமாய் இணைக்கும் கழிவுநீர்க் குழாய் தெருவையே நாறச்செய்யும். கட்டடந்தோறும் மழைநீர் சேமிப்பு அமைத்தல் 2003ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் கட்டாயமாகும். அதனைப் பெயருக்கு அமைத்துவிட்டுத் துப்புரவு செய்யாது விடுதல் தன்னையே ஏமாற்றிக்கொள்வதாகும். அன்று ஏரி வாரியத்தை ஊரே தேர்ந்தெடுத்தது, கணக்கையும் கேட்டது. இன்றும் தம் ஊரின் நீர் எங்குப் பிறந்து எங்குச் செல்கின்றது என்பதை ஒவ்வொருவரும் அறிந்து, அதன் வழியைக் காப்பாராயின், மழை அச்சந்தருவதாய் இராது. நலந்தரும் செல்வமாய் நிற்கும்.