2 ஆறுகள் வட்டமிடும் ஊர்!
அணைகள் திறந்தால் மூவாற்றுமுகத்தில் கிலி

குளச்சல்,

குளச்சலில் 1741-ம் ஆண்டு டச்சுப் படையைத் தோற்கடித்தவர், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா. போருக்குப் புறப்படும் முன் அவர் தன் வாளை ஒரு கோவிலில் வைத்துக் கும்பிட்டு விட்டு வந்தார் என்று சொல்வார்கள்.

அது, இதே குமரி மாவட்டத்தில் உள்ள திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவில்.

மார்த்தாண்டத்தில் பஸ் ஏறினால் 6 கிலோ மீட்டர் தூரம்தான். ஒரு பக்கம் கோதையாறு. இன்னொரு பக்கம் பறளியாறு. இரண்டும் ஊரை வளைத்து ஓடி, மூவாற்றுமுகத்தில் சேருகின்றன. ஆறு வட்டமிடுகிற ஊர். அதனால்தான் வட்டாறு!

அரக்கன் மனைவி கோபம்

கேசி என்ற அரக்கனை அடக்கி, அவன் மேலேயே பெருமாள் படுத்துக் கொண்டாராம். அவன் மனைவி சும்மா இருப்பாளா? ஆறுகளை ஏவி விட்டாள். பூமாதேவி தரையை உயர்த்தினாள். மூழ்கடிக்க முடியாத ஆறுகள், பெருமாளைச் சுற்றி வந்து வணங்கிப் போய் விட்டனவாம்.

கதை இருக்கட்டும். கோவில் நிஜமாகவே மேட்டில்தான் இருக்கிறது. படி ஏறித்தான் போக வேண்டும். 22 அடி நீளத்தில் படுத்திருக்கும் பெருமாளை 3 வாசல் வழியாகப் பார்க்க வேண்டும். 418 ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 ஜூலை 6-ந் தேதி இங்கே கும்பாபிஷேகம் நடந்தது.

சுற்றிலும் ஆறு. ஆனால் திருடர்கள் உள்ளேயே இருந்தார்கள்! சாமியின் தங்கக் கவசம் கொஞ்சம் கொஞ்சமாக மாயமானது. 1992-ல் வழக்கு. 2019-ல்தான் தீர்ப்பு. ஜெயில் தண்டனை பெற்ற 23 பேரில், பூஜை செய்தவர்களும் கோவில் ஊழியர்களும் இருந்தனர்.

இரண்டு அணை, ஒரே வழி

கோதையாற்றுக்கு மேலே பேச்சிப்பாறை அணை. கொள்ளளவு 48 அடி. பறளியாற்றுக்கு மேலே பெருஞ்சாணி அணை. அது 77 அடி. ஒன்றைத் திறந்தால் சமாளிக்கலாம். இரண்டையும் சேர்த்துத் திறந்தால்? அத்தனை உபரித் தண்ணீரும் மூவாற்றுமுகத்தில்தான் மோத வேண்டும். வேறு வழி கிடையாது.

2021 நவம்பரில் அதுதான் நடந்தது. திற்பரப்பு அருவி மிரட்டியது. குழித்துறை சப்பாத்துப் பாலம் தண்ணீருக்குள் போனது. கரையோர வீட்டுக்காரர்கள் சட்டி பானையைத் தூக்கிக் கொண்டு ஓடினார்கள்.

சேர்ந்த ஆற்றுக்குப் பெயர் தாமிரபரணி. நெல்லைக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், இது வேறு! தேங்காப்பட்டணத்தில் கடலில் கலக்கிறது.

ஆடி அமாவாசைக்குக் குழித்துறையில் பலி போடக் கூட்டம் இறங்குவது இந்தத் தண்ணீரில்தான். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்து விட்டால் அதே கரையில் பேச்சு மாறி விடும். “பெருஞ்சாணி எத்தனை அடி?” என்பதுதான் முதல் கேள்வி.