இடுப்பில் ஒரு நெம்புகோல்

இயற்பியல் வகுப்பில் நெம்புகோலுக்குப் பாக்குவெட்டியையும் கிணற்று ஏற்றத்தையும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். நமது இடுப்பையும் அவற்றோடு சேர்க்கலாம் என்பது என் எண்ணம்.

தொடையெலும்பின் மேல்முனை பந்து போன்றது. இடுப்பெலும்பிலுள்ள கிண்ணம் போன்ற குழியில் அது சுழல்கிறது. இரண்டின் மீதும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அதற்கு இரத்தக் குழாய்கள் கிடையா. ஆதலால் தேய்ந்தால் பழையபடி வளர்வதில்லை. முதுமையாலோ பழைய அடியாலோ அது தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசும் நிலைக்கு வருவதே இடுப்பு மூட்டுத் தேய்மான வாதம்.

வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தோன்றும். விந்தை என்னவெனில், சிலருக்கு அது முழங்காலில் மட்டுமே தெரியும். நாற்று நட்டு எங்களை ஆளாக்கிய என் அப்பத்தா, இரண்டு ஆண்டுகள் வலது முழங்காலுக்கே தைலம் தேய்த்து வந்தார். எக்ஸ்ரேயில் முழங்கால் நன்றாக இருந்தது. தேய்ந்திருந்தது வலது இடுப்பு!

மருத்துவர் இடக்கையில் கோல் ஊன்றச் சொன்னார். "வலிக்கிற பக்கந்தானப்பா ஊணணும்?" என்று அப்பத்தா என்னைக் கேட்டார். விடை நம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நடக்கையில் ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் இடுப்பு மூட்டே ஆதாரப்புள்ளி. ஒருபுறம் உடலின் எடை. மறுபுறம் அதைச் சாயவிடாமல் இழுக்கும் இடுப்புத் தசை. தசையின் கரம் குட்டை. எனவே அது எடையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விசையுடன் இழுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சுமப்பது மூட்டு. 50 கிலோ எடையுள்ளவருக்கு 125 கிலோவுக்குக் குறையாது. எதிர்க்கையிலுள்ள கோல் மூட்டிலிருந்து தொலைவில் ஊன்றுவதால் சிறிய விசையே பெரிய திருப்புத்திறனைத் தரும். தசையின் இழுப்பு குறையும். அதே பக்கம் ஊன்றினால் இந்தப் பயன் மிகக் குறைவு. உடல் எடையை ஒரு கிலோ குறைத்தாலும் மூட்டுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் சுமை குறைகிறது.

பயிற்சியும் மருத்துவர் தரும் வலி மாத்திரையும் போதாதபோது அறுவை சிகிச்சை. இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லான் கிண்ணம் பொருத்தினார். அது சில ஆண்டுகளில் தேய்ந்து போயிற்று. 1962-இல் அடர்த்தி மிக்க பாலிஎத்திலீனுக்கு மாறினார். அவர் தேர்ந்த எஃகுப் பந்தின் விட்டம் ஏறத்தாழ 22 மில்லிமீட்டரே. ஆரம் குறைந்தால் உராய்வின் திருப்புத்திறனும் குறையுமல்லவா? இன்று பொருள்களும் அளவுகளும் மாறியுள்ளன. நம் அரசு மருத்துவமனைகளிலும் இச்சிகிச்சை நடைபெறுகிறது.

செயற்கை மூட்டு பொருத்தியபின் குந்தி உட்காருவதையும் சம்மணமிடுவதையும் பொதுவாகத் தவிர்க்கச் சொல்கிறார்கள். வீட்டில் உயரமான கழிப்பறை இருக்கை வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது பேச்செல்லாம் அதைப் பற்றித்தான்.