துகள் விட்டுச் செல்லும் தடம்

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் பணிபுரிவோர், ஆழ்துளையிலிருந்து வெளிவரும் கல்தூளைக் கொண்டே கீழுள்ள பாறையின் தன்மையைக் கணிப்பதைப் போல, அணுவினும் நுண்ணிய துகள்களையும் அவை விட்டுச் செல்லும் தடயங்களைக் கொண்டே இயற்பியலாளர் இனங்காண்கின்றனர். ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வகத்தில், புரோட்டான்களை மோதவிட்டு ஆராயும் சி.எம்.எஸ். என்னும் பெருங்கருவியின் மையத்தில், 2017-இல் பொருத்தப்பட்ட, ஏறத்தாழ 12 கோடியே 40 லட்சம் பிக்சல்களைக் கொண்ட சிலிக்கான் அடுக்குகள் அமைந்துள்ளன. இங்குப் பிக்சல் என்பது, மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அகலமுடையதும், தனித்தனியே மின்குறிப்புத் தருவதுமான சிறு கட்டமாகும்.

மின்னூட்டமுள்ள துகளொன்று இவ்வடுக்குகளை ஊடுருவும்போது சிலிக்கானில் எலக்ட்ரான்களை விடுவிப்பதால், குறிப்புத் தந்த கட்டங்களை இணைத்து அதன் பாதை வரையப்படுகிறது. காந்தப்புலத்தில் அப்பாதை எவ்வளவு வளைகிறது என்பது துகளின் உந்தத்தை, அதாவது நிறையும் வேகமும் சேர்ந்து அமையும் அளவை, உணர்த்துகிறது. ஒரே உந்தமுடைய இரு துகள்களுள் கனத்தது மெதுவாகச் சென்று மிகுதியான மின்னூட்டத்தை விட்டுச் செல்வதால், புரோட்டானையும் அதனினும் எடை குறைந்த பயானையும் வேறுபடுத்த முடிகிறது. ஆயினும் இரண்டும் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது இவ்வேறுபாடு மங்கிவிடுகிறது.

இக்கருவியில் ஒளித்துகள்களைப் பிரித்தறிய உதவும் மற்றொரு பகுதிக்கான பட்டைவடிவ சிலிக்கான் உணரிகளுள் ஏறத்தாழ 1000, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் முயற்சியால் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டவை. சி.எம்.எஸ். கூட்டமைப்பில் சென்னை ஐ.ஐ.டி.யும் இடம்பெற்றுள்ளது; 2017 முதல் இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடாக விளங்குகிறது.