கட்டியை நசுக்குவதற்கு முன்

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேறும் கண்டெய்னர்களை இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டும் லேஷிங் தொழிலாளிக்கு மணிக்கட்டுதான் முதல். அங்கே ஒரு புடைப்பு கிளம்பினால் முதலில் வருவது புற்றுநோய் பயம். அடுத்து வருவது அக்கம்பக்கத்து வைத்தியம்: தைலம் போட்டு அழுத்தி நீவு, நாணயத்தை வைத்துக் கட்டு, கனமான எதையாவது எடுத்து ஒரே போடு.

இந்த அடி வைத்தியம் நமக்கு மட்டும் சொந்தமல்ல. ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் வீட்டிலிருந்த தடித்த புத்தகத்தை, பெரும்பாலும் பைபிளை, கட்டிமேல் ஓங்கி அடித்தார்கள். கட்டி அமுங்கும், ஆனால் மூட்டோடு ஒட்டிய உறை உள்ளேயே இருப்பதால் மறுபடியும் நிரம்பும். எலும்பில் விரிசல் விட்டால் அது தனிச் செலவு.

கேங்லியன் என்னும் இந்தக் கட்டி புற்று அல்ல, புற்றாக மாறுவதும் இல்லை. மூட்டையோ தசைநாண் உறையையோ ஒட்டி வளரும் பைக்குள் ஜெல்லி போன்ற கெட்டித் திரவம் தேங்குவதுதான் விஷயம். 20 முதல் 40 வயதுக்குள், பெண்களுக்கு அதிகமாக, பெரும்பாலும் மணிக்கட்டின் மேற்புறத்தில் வருகிறது. மருத்துவர் தொட்டுப் பார்ப்பார், டார்ச் அடித்து ஒளி ஊடுருவுகிறதா என்று சோதிப்பார். சந்தேகம் இருந்தால் ஸ்கேன்.

வலி இல்லையென்றால் சும்மா விடலாம். ஏறக்குறைய பாதிக் கட்டிகள் காலப்போக்கில் தாமாகவே மறைகின்றன. வலித்தால் சில நாள் மணிக்கட்டுப் பட்டை போதும். அதற்கும் அடங்காவிட்டால் ஊசியால் திரவத்தை உறிஞ்சலாம், அல்லது வேரோடு அறுத்தெடுக்கலாம். இங்கிலாந்தின் லெஸ்டரில் மேற்புறக் கட்டிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து 2007இல் வெளியான ஆய்வில், ஊசியால் திரவத்தை உறிஞ்சிக்கொண்டவர்களில் 58 விழுக்காட்டினருக்கும் அறுவை செய்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கும் கட்டி திரும்ப வந்தது. ‘ஒரே ஆபரேஷனில் முடிந்துவிடும்’ என்று உறுதி தருபவரிடம் இந்த எண்களைக் காட்டலாம். தழும்பு, மூட்டு இறுக்கம், மரத்துப்போதல் பற்றியும் கையெழுத்துப் போடுமுன் கேட்டுக்கொள்வது நோயாளியின் உரிமை.

உள்ளங்கைப் பக்கத்துக் கட்டி வேறு கதை. நாடி பார்க்கும் ரத்தக்குழாய் அதை ஒட்டியே ஓடுகிறது. அங்கே நீவுவதும் குத்துவதும் விளையாட்டல்ல. கட்டி துடித்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ, சிவந்து சுட்டாலோ, விரல் மரத்தாலோ தள்ளிப்போடக் கூடாது.

மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் கட்டணம் 1 வெள்ளி. அங்கு தரும் பரிந்துரைக் கடிதத்தோடு கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை நிபுணரைப் பார்க்கலாம். தனியார் மருத்துவமனையில் உத்தேசச் செலவையும் ஒவ்வொரு செலவையும் தனித்தனியே காட்டும் பில்லையும் கேட்டுப் பெறலாம். அங்கே புகார் செய்ய ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிறது 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டம்.

வேலை விஷயத்துக்கு வருவோம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, வேலைக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. எம்.சி. எனும் மருத்துவச் சான்றிதழைப் பதிவு பெற்ற மருத்துவர் தர வேண்டும்; தைலக்காரரின் கடிதம் செல்லாது. சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் இழப்பீடு இந்தக் கட்டிக்குத் தானாகக் கிடைத்துவிடாது. வேலையிடத்து விபத்தால் வந்தது என்று சொல்பவர், அடிபட்ட அன்றே முதலாளியிடம் தெரிவித்து, மருத்துவ அறிக்கையில் அந்தத் தொடர்பைப் பதியவைப்பது நல்லது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம்.