பொம்மைக்கு எதற்கு கத்தரி? 'டீம் அமெரிக்கா' படமும் இரண்டு தடைகளும்

பாரிஸ் நகரத் தெரு. கரடுமுரடான பொம்மை ஒன்று தடுமாறி ஆடுகிறது. 'என்னப்பா, இவ்ளோ மட்டமாவா எடுத்திருக்காங்க?' என்று நினைக்கும்போதே கேமரா பின்வாங்குகிறது. அதை ஆட்டுவிப்பவரும் ஒரு பொம்மைதான்! சற்று நேரத்தில், பயங்கரவாதிகளைப் பிடிக்க வந்த அமெரிக்க வீரர்கள் ஈஃபிள் கோபுரத்தையே சாய்த்துவிடுகிறார்கள். பயங்கரவாதியும் காலி, ஊரும் காலி.

2004 அக்டோபரில், இராக் போருக்கும் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கும் நடுவே வெளியான 'டீம் அமெரிக்கா: வேர்ல்ட் போலீஸ்' படம் இப்படித்தான் தொடங்குகிறது. 'சவுத் பார்க்' புகழ் ட்ரே பார்க்கர், மாட் ஸ்டோன் கூட்டணியின் கைவண்ணம். பெரியவர்களுக்கு மட்டுமான படம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவோம்.

சரி, ஏன் பொம்மை? 1960-களின் பிரிட்டிஷ் டிவி தொடரான 'தண்டர்பேர்ட்ஸ்' பாணிதான் காரணம். ஏறத்தாழ இரண்டடி உயரப் பொம்மைகள். முகபாவனைக்குத் தலைக்குள் மோட்டார். ஆனால் நூலை மட்டும் மறைக்கவில்லை. பொம்மைக்கு ஒழுங்காக நடக்க வராது, சண்டை போடவும் வராது. அதையே ஜோக் ஆக்கிவிட்டார்கள். வீர வசனம் பேசிவிட்டு ஹீரோ தள்ளாடி நடந்தால், ஆக்‌ஷன் படங்களின் மொத்த கெத்தும் போயே போச்சு! கொடூரச் சிறுத்தைகளாக வருபவை நிஜக் கறுப்புப் பூனைகள்.

அடி எல்லோருக்கும்தான். உலகைக் காப்பாற்றுகிறேன் என்று ஊரை அழிக்கும் ராணுவம், அரசியல் பேசும் ஹாலிவுட் நட்சத்திரங்கள், வட கொரியாவின் அப்போதைய தலைவர் கிம் ஜாங் இல் என யாரும் தப்பவில்லை. அரபு மொழியை உளறலாகக் காட்டும் இடங்கள் மட்டும் இன்று நெளிய வைக்கின்றன.

வேடிக்கை தணிக்கையில்தான். படத்தில் பொம்மைகள் கொத்துக் கொத்தாகச் சாகின்றன, ரத்தம் தெறிக்கிறது. அமெரிக்கத் தரச்சான்றுக் குழுவை உறுத்தியதோ இரண்டு பொம்மைகளின் படுக்கையறைக் காட்சி. உறுப்பே இல்லாத பொம்மைகள்! முதலில் கிடைத்தது 'என்சி-17'. 17 வயது வரை உள்ளவர்களுக்கு அனுமதியே இல்லாத இந்தச் சான்று கிடைத்தால் பல தியேட்டர்கள் படத்தைத் தொடாது. வெட்டி வெட்டி ஒன்பது முறையாவது அனுப்பிய பிறகே 'ஆர்' சான்று கிடைத்தது. பெற்றோர் துணையோடு சிறுவர்களும் வரலாம். கொலைக்கு ஓகே, கட்டிலுக்கு நோ. அந்த ஊர் கணக்கு அப்படி.

பத்து வருடம் கழித்து வந்தது இன்னொரு தடை. 2014 நவம்பரில், கிம் ஜாங் உன்னைக் கொல்லும் கதையான 'தி இன்டர்வியூ' படத்தால் சோனி நிறுவனத்தின் கணினிகள் ஹேக் செய்யப்பட்டன. டிசம்பரில் தியேட்டர்களுக்கு மிரட்டல் வரவே, சோனி வெளியீட்டை நிறுத்தியது. டெக்சாஸில் ஒரு தியேட்டர், 'அப்போ நாங்க டீம் அமெரிக்கா போடுறோம்' என்று அறிவித்தது. மறுநாளே, படத்தின் உரிமையாளரான பாராமவுண்ட் அனுமதி மறுத்துவிட்டது.

இத்தனைக்கும் படத்தில் வரும் கிம் ஜாங் இல் இறந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. 'தி இன்டர்வியூ' படமாவது அந்தக் கிறிஸ்துமஸுக்கே சில சிறிய தியேட்டர்களில் வந்துவிட்டது. பொம்மைப் படத்துக்கு டெக்சாஸில் அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை.