கடைசி ஐந்து மீட்டர்

2024 செப்டம்பர் 4ஆம் தேதி, சூரிச் நகரில் ஒரு விநோதப் பந்தயம். 400 மீட்டர் தடை ஓட்டத்தின் உலக சாதனையாளரான நார்வேக்காரர் கார்ஸ்டன் வார்ஹோமும், போல் வால்ட் உலக சாதனையாளரான ஸ்வீடன்காரர் அர்மாண்ட் டுப்ளாண்டிஸும் 100 மீட்டர் ஓடிப் பார்த்தார்கள். இருவருக்குமே அது பழகிய போட்டி கிடையாது. டுப்ளாண்டிஸ் 10.37 விநாடியில் வந்தார், வார்ஹோம் 10.47. கம்பு ஊன்றித் தாண்டுகிறவர் ஓட்டக்காரரை ஓட்டத்திலேயே ஜெயித்தது ரசிகர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. போல் வால்ட் பயிற்சியாளர்கள் அவ்வளவாக வியந்திருக்க மாட்டார்கள். இந்த விளையாட்டில் உயரம் என்பது பெரும்பாலும் வேகம்தான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்த 10.37ஐ வைத்து ஒரு பயிற்சியாளர் பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது. கணக்குப் போட்டால் சராசரியாக விநாடிக்கு 9.64 மீட்டர். அதே டுப்ளாண்டிஸ் ஐந்து மீட்டருக்கும் நீளமான கம்பைச் சுமந்துகொண்டு ஓடும்போது, அதை ஊன்றுவதற்காகத் தரையில் பதித்திருக்கும் பெட்டிக்கு முன்னால் அவர் வேகம் விநாடிக்கு சுமார் 10.3 மீட்டர் என்று அளந்திருக்கிறார்கள். கம்போடு ஓடும்போது வேகம் கூடிவிட்டதா என்ன? 100 மீட்டர் சராசரியில், நின்ற நிலையிலிருந்து கிளம்பும் மெதுவான முதல் விநாடிகளும் சேர்ந்துவிடுகின்றன. அந்தப் பந்தயத்தில் அவர் தொட்ட உச்ச வேகம் 11 மீட்டரை ஒட்டி இருந்திருக்க வேண்டும். பயிற்சியாளருக்கு வேண்டியது உச்சமும் இல்லை, சராசரியும் இல்லை. கம்பு பெட்டியில் இறங்கும் முன் கடைசியாக ஓடும் சில மீட்டர்களின் வேகம்தான்.

ஏன் என்று பள்ளிக்கூட இயற்பியல் சொல்லும். ஓடுகிறவரின் இயக்க ஆற்றல் முழுவதும் உயரமாக மாறினால் எவ்வளவு ஏறலாம்? வேகத்தின் வர்க்கத்தை 19.62ஆல் வகுத்தால் போதும். 9.9 மீட்டர் வேகத்துக்கு விடை கிட்டத்தட்ட 5 மீட்டர். போல் வால்ட் வீரர் செர்கேய் புப்காவின் ஓட்டத்தில் அளந்த வேகம் அதுதான். உடலின் ஈர்ப்பு மையம் நிற்கும்போதே தரையிலிருந்து ஒரு மீட்டர் மேலே இருப்பதால் கூட்டினால் 6 மீட்டர். 1994இல் செஸ்ட்ரியேரில் அவர் தாண்டிய 6.14 இந்தக் கணக்குக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. மிச்சம் தோளும் வயிறும் கையும் செய்த வேலை. டுப்ளாண்டிஸின் 10.3க்கு இதே கணக்கு, அந்த ஒரு மீட்டரைக் கூட்டும் முன்பே, 5.41 தருகிறது. 2025 செப்டம்பரில் டோக்கியோவில் அவர் தாண்டியது 6.30.

இவ்வளவு அழகாகப் பொருந்துகிற கணக்கைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். வழியில் ஆற்றல் விரயமாவதும் உண்டு, தசைகள் புதிதாகச் சேர்ப்பதும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுகட்டிக்கொள்வதால்தான் விடை சரியாக வந்ததுபோல் தோன்றுகிறது. நிக் லின்தோர்ன் என்ற ஆய்வாளரின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டிக்கொடுத்தது. அனுபவமுள்ள ஒரு வீரரைக் குறைந்த அடிகளிலும் கூடிய அடிகளிலும் ஓடவிட்டு, வேகத்தையும் எட்டிய உயரத்தையும் அளந்தார்கள். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகம் கூடினால் உயரம் 54 சென்டிமீட்டர் கூடியது. ஏட்டுக் கணக்கின்படி 7 மீட்டர் வேகத்திலிருந்து 8க்குப் போனாலே 76 சென்டிமீட்டர் கிடைத்திருக்க வேண்டும். கால் தரையை உதைத்து எழும்பும் அந்த ஒரு கணத்திலேயே ஒரு பங்கு போய்விடுகிறது, வேகமாக வருகிறவர் அங்கே இழப்பதும் கூடுதல். 54 என்ற எண்ணும் ஒரே ஒரு வீரருடையது. இருந்தாலும் பயிற்சி மைதானத்தில் மனக்கணக்குக்கு உதவும்: விநாடிக்கு பத்து சென்டிமீட்டர் வேகம் கூடினால் உயரத்தில் ஐந்து சென்டிமீட்டர்.

அந்தப் பத்து சென்டிமீட்டரைப் பிடிப்பதில்தான் சங்கடமே. உலகப் போட்டிகளில் வழக்கமாக அளக்கும் துண்டுகள் இரண்டு. பெட்டியிலிருந்து பின்னோக்கி அளந்தால் 15 முதல் 10 மீட்டர் வரை ஒன்று, 10 முதல் 5 மீட்டர் வரை இன்னொன்று. விநாடிக்கு 9.5 மீட்டர் வேகத்தில் வருகிறவர் ஐந்து மீட்டரைக் கடக்க 0.526 விநாடி ஆகும். 9.6இல் வந்தால் 0.521. வித்தியாசம் ஐந்தரை மில்லி விநாடி. விசில் தொங்கும் கழுத்திலேயே ஸ்டாப்வாட்சையும் மாட்டிக்கொண்டு நிற்கும் பயிற்சியாளரின் கட்டைவிரல் அதைவிடப் பல மடங்கு தடுமாறும். இந்தத் தூரத்துக்கு ஸ்டாப்வாட்ச் வெறும் அலங்காரம்.

ஒளிக்கதிர் அறுபடும் நேரத்தைக் குறிக்கும் போட்டோசெல் கருவிகள் நம்பகமானவை. ஆனால் போல் வால்ட்டில் ஒரு தொல்லை உண்டு. கம்பின் நுனி உடலுக்கு முன்னால் போகிறது, அதோடு கடைசி அடிகளில் கீழே இறங்கவும் செய்கிறது. கதிரின் உயரத்தைச் சரியாக வைக்காவிட்டால் நெஞ்சுக்குப் பதில் கம்பை அளந்துவிடுவோம். அதனால் வீரருக்குப் பின்னால் நின்று, இடுப்பைக் குறிவைத்து லேசரோ ரேடாரோ பாய்ச்சுவது வசதி. ஓட்டம் முழுவதுக்கும் வேக வரைகோடு கிடைக்கும். அந்தக் கோடு நேராக இருக்காது. ஒவ்வொரு அடியிலும் கால் ஊன்றும்போது வேகம் கொஞ்சம் இறங்கி, உந்தும்போது ஏறும். அந்த அலையின் ஒரு முகட்டைப் பிடித்துக்கொண்டு ‘பத்து மீட்டர் தொட்டுட்டான்’ என்று குதிப்பது சரியில்லை. ஐந்து மீட்டர் சராசரியைத்தான் எடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், ஒற்றை எண்ணைவிட எண்களுக்கு இடையிலான வித்தியாசங்களே அதிகம் பேசுகின்றன. வெறுங்கையோடு ஓடிய வேகம், கம்போடு ஓடிய வேகம் இரண்டையும் அளந்து கழித்தால், கம்பு சுமப்பதற்கு வீரர் கொடுக்கும் விலை தெரிந்துவிடும். கம்பின் எடை சில கிலோதான். ஆனால் பிடி ஒரு முனையில் இருப்பதால், படுக்கையாகப் பிடித்தால் அது முன்னால் இழுத்துத் தள்ளும். நுனியைத் தூக்கிப் பிடித்துக் கிளம்பி, ஓட ஓட இறக்குவது அதற்காகத்தான். இந்த விலை அதிகமாக இருக்கும் பையனை இன்னும் பத்து 60 மீட்டர் ஓடச் சொல்வதில் பயனில்லை, கம்பு பிடித்து ஓடவிட வேண்டும். இரண்டாவது வித்தியாசம், அந்த இரு ஐந்து மீட்டர் துண்டுகளுக்கு நடுவே. கடைசித் துண்டில் வேகம் குறைந்தால் பயமோ, அடிக்கணக்கு தப்பியதோ காரணமாக இருக்கலாம். பெட்டியை நெருங்கும்போது அடியை நீட்டி எட்டிப் பிடிக்கப் பார்க்கிறவர்களின் வேகம் அங்கேதான் கரைகிறது.

இதைக் கண்டுபிடிக்க அமெரிக்கப் பயிற்சியாளர்கள் எளிய வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். எழும்பும் இடத்துக்கு ஆறு காலடிகள் முன்னால் கால் விழும் இடத்தில் ஒரு குறி. அமெரிக்க வீரர்களைப் பல ஆண்டுகளாகப் படம்பிடித்து ஆராய்ந்த பீட்டர் மெக்கின்னிஸ், எந்த உயரம் தாண்டுகிறவருக்கு அந்தக் குறி எங்கே இருக்க வேண்டும் என்று அட்டவணையே போட்டுத் தந்தார். கால் குறியைத் தாண்டி விழுந்தால் கடைசியில் அடிகள் குறுகி, மேல் கைக்கு நேர் கீழே இருக்க வேண்டிய கால் பெட்டிப் பக்கம் போய்விடும். அந்த நிலையில் என்ன வேகம் இருந்தும் கம்பு தோளைப் பிடுங்கும்.

சிவா சுப்பிரமணி, ரோசி மீனா பால்ராஜ் போன்ற போல் வால்ட் வீரர்களைத் தந்த தமிழ்நாட்டில் எல்லா மைதானத்துக்கும் லேசர் வருமென்று காத்திருக்க வேண்டாம். கையிலிருக்கும் போனில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் வசதி இருந்தால், ஒரு படத்துக்கு நாலு மில்லி விநாடிக்குச் சற்று மேல். அந்த ஐந்தரை மில்லி விநாடி, ஒரு படத்துக்குக் கொஞ்சம் கூடுதல். எனவே ஒரே ஓட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், ஏழெட்டு ஓட்டங்களின் சராசரியைப் பார்க்க வேண்டும். போனை ஸ்டாண்டில் பொருத்தி, ஓட்டப்பாதைக்குச் செங்குத்தாக, எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைக்கலாம். குறிகள் வீரர் ஓடும் கோட்டிலேயே இருக்க வேண்டும். பக்கவாட்டில் கோன் வைத்தால் பார்வைக் கோணம் ஏமாற்றிவிடும்.

காற்றையும் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். 100 மீட்டரில் பின்காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனை செல்லாது. போல் வால்ட்டில் அப்படியொரு விதியே இல்லை, எவ்வளவு காற்று தள்ளினாலும் தாண்டிய உயரம் உயரம்தான். முந்தைய வாரம் எதிர்காற்றில் 8.9 ஓடியவர், இந்த வாரம் பின்காற்றில் 9.1 ஓடினால் கால் பலம் கூடிவிட்டதாகக் குறித்துக்கொள்ள முடியாது. ஆனாலும் கம்பைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த 9.1 நிஜம்தான். அன்றைக்கு அவர் கையில் இன்னும் விறைப்பான கம்பைக் கொடுக்க வேண்டும்.