ஏழடிப் பெட்டியில் எத்தனை மாடு?

ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர் சிக்னலில் மாடு ஏற்றிய லாரி நின்றால் உள்ளே எட்டிப் பாருங்கள். அநேகமாக எந்த மாடும் படுத்திருக்காது. ஓடும் வண்டியில் மாடு நின்றுகொண்டேதான் வரும். பிரேக் போடும்போதெல்லாம் காலை மாற்றி மாற்றி வைத்துச் சமாளிக்கும்.

அதனால் தரைதான் முதல் கவலை. இரும்புத் தகட்டில் சாணமும் மூத்திரமும் சேர்ந்தால் குளம்பு பிடிக்காது. விழுந்த மாட்டை மற்றவை மிதிக்கும். எழ இடமும் இருக்காது. வாலை முறுக்குவது, கண்ணில் மிளகாய்ப்பொடி தூவுவது போன்ற கொடுமைகள் அப்போதுதான் நடக்கின்றன. மாடு வழுக்கி விழுவதைத் தடுக்கத் தென்னைநார்ப் பாயோ மரப்பலகையோ விரித்தால் போதும். 1978-ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகளும் அதைத்தான் கேட்கின்றன. ஒரு வண்டியில் 6 மாட்டுக்கு மேல் கூடாது. பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். கால்நடை மருத்துவரின் சான்றும், கிளம்புமுன் தீனியும் தண்ணீரும் கட்டாயம்.

இந்த விதிகளுக்குத் தாயான 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிவகுத்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் தொடக்கம். 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர்.

2015-இல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியபோது மாட்டுக்குத் தலா 2 சதுர மீட்டர், தனித்தனித் தடுப்பு என்றார்கள். முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கம் கறவை மாடு வாங்குகிறவர் ‘குட்டி யானை’ எனப்படும் சிறிய சரக்கு வண்டியைப் பிடித்தால், அதன் பெட்டி சுமார் 7 அடி நீளம்; அகலம் 5 அடிகூட இல்லை. மொத்தம் சுமார் 3 சதுர மீட்டர். ஒரு மாட்டுக்குத்தான் இடம். வாடகை மிச்சம் என்று இரண்டாவதை நெருக்கி ஏற்றுவது தவறு.

பலரும் கவனிக்காதது கயிறு. மூக்கணாங்கயிற்றை மேல்கம்பியில் இழுத்துக் கட்டினால், சறுக்கிய மாட்டுக்கு மூக்கு கிழியும். அதைவிடப் பெரிய கேடு கண்ணுக்குத் தெரியாது. தலையைத் தாழ்த்தினால்தான் மாட்டின் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் கிருமிகளும் வெளியே வடியும். பல மணி நேரம் தலை உயர்ந்தே இருந்தால் அவை நுரையீரலில் தங்கிவிடும். பயண அலைச்சலில் எதிர்ப்புச் சக்தியும் குறைந்திருக்கும். சில நாளில் காய்ச்சல், இருமல், பால் குறைவு. வாங்கியவர் விற்றவரைத் திட்டுவார். கயிறு எந்த உயரத்தில் கட்டியிருந்தது என்று யாரும் கேட்பதில்லை. தலை தரைப்பக்கம் தாழுமளவு கழுத்துக்கயிற்றைத் தளர விடுங்கள்.

கோடையில் இரவுப் பயணமே நல்லது. தீவனம் நொதிப்பதால் மாட்டின் வயிறே வெப்பத்தை உண்டாக்குகிறது. வண்டி ஓடும்வரை காற்று வரும். பரனூர் சுங்கச்சாவடியில் வெயிலில் நின்றுவிட்டால் அதுவும் இல்லை.

இறக்கும்போது மாட்டைக் குதிக்க விடாதீர்கள்; கால் ஒடிந்துவிடும். சாய்தளம் இல்லாவிட்டால் மண்மேடு பார்த்து வண்டியின் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தச் சொல்லுங்கள். தரையில் விழும் நிழல்கூட மாட்டுக்குப் பள்ளமாகத் தெரியும். அது குனிந்து முகர்ந்து பார்க்கும்வரை அடிக்காமல் காத்திருங்கள். இறங்கியதும் முதலில் தண்ணீர், பிறகு வைக்கோல். தவிடு புண்ணாக்கெல்லாம் மறுநாள்.